வேலையில்லாதோர் கணக்கு: அதனை எவ்வளவு நம்பலாம்?

நாட்டில் வியாபாரம் நலிவுற்றுத் தொழில்கள் குன்றியிருக்குங் காலத்தில், மக்கள் யாவரும் ஓர் எண்ணை ஆவலோடு எதிர்நோக்குகின்றனர். வேலை செய்ய விரும்புவோருள் நூற்றுக்கு எத்தனை பேர் வேலையின்றி இருக்கின்றனர் என்று அரசாங்கத்தார் மாதந்தோறும் வெளியிடும் எண்ணே அது. அவ்வெண் குறைந்தால் ஆளுங் கட்சியார் மகிழ்வர். எதிர்க் கட்சியார் ஐயுறுவர். வேலையிழந்து வீட்டிலிருப்பவரோ, "தொகை குறைந்துவிட்டது என்கின்றனரே, எம் தெருவில் ஒருவருக்கும் வேலை கிடைத்ததாகத் தெரியவில்லையே" என்று மயங்குவர். இவர்களுள் எவர் எண்ணம் சரியானது? இக்கணக்கு எவ்வாறு எடுக்கப்படுகின்றது, எதனை உரைக்கின்றது, எதனை உரையாது விடுகின்றது என்பவற்றை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாற்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம். அந்நாட்டார் 1940-ஆம் ஆண்டு முதல் மாதந்தோறும் இக்கணக்கை எடுத்து, எடுக்கும் முறையையும் மறையாது வெளியிட்டு வருகின்றனராதலின், ஆராய்ச்சிக்கு அது தக்க இடமாகும்.

2012-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத் தொடக்கத்தில், அந்நாட்டுத் தொழிற் புள்ளிவிவரக் காரியாலயத்தார், முந்திய மாதத்தின் வேலையின்மை வீதம் நூற்றுக்கு 8.1-லிருந்து 7.8 ஆகக் குறைந்தது என்று அறிவித்தனர். ஜனாதிபதி தேர்தலுக்கு அப்பொழுது ஒரு மாதமே இருந்தது. உடனே, இது தேர்தலுக்காகத் திரித்த கணக்கு என்று பெரிய கம்பெனி ஒன்றின் முன்னாள் தலைவர் உட்படப் பலரும் குற்றஞ் சாட்டினர். இக்குற்றச்சாட்டுப் பொருந்துமா என்பதைப் பின்னர்க் காண்பாம். அதற்கு முன் இக்கணக்குப் பிறந்த வரலாற்றை அறிதல் வேண்டும்.

கணக்குப் பிறந்த வரலாறு

1929-இல் பெருமந்தம் தொடங்கியபொழுது, வேலையில்லாதோர் எத்துணையர் என்று திட்டமாகக் கூறவல்லார் அந்நாட்டில் ஒருவருமில்லை. 1930 ஜனவரியில் ஜனாதிபதி ஹூவர், வேலை நிலைமை சீர்ப்பட்டு வருகின்றது என்று அறிவித்தார். அப்பொழுது நியூயார்க் ராஜ்யத்தின் தொழிற்றுறைத் தலைவராயிருந்த பிரான்ஸெஸ் பெர்க்கின்ஸ் அம்மையார், தம் ராஜ்யத்துக் கணக்குகளைக் கொண்டு அக்கூற்றை வெளிப்படையாக மறுத்தார். மாதந்தோறும் நாடு முழுமைக்கும் எடுத்த பொதுவான கணக்கு ஒன்று இல்லாமையால், அவரவரும் தத்தமக்குக் கிடைத்த துணுக்குக் கணக்குகளைக் கொண்டே வாதிட நேர்ந்தது. அவ்வம்மையார் 1933-இல் நாட்டின் தொழில் மந்திரியாகி, அமெரிக்க மந்திரி சபையில் இடம்பெற்ற முதற் பெண்மணியாயினார்.

1937 நவம்பரில் ஒரு பெருமுயற்சி செய்யப்பட்டது. தபாற்காரர் வீடுதோறும் ஒரு சீட்டைக் கொடுத்துச் செல்ல, வேலையில்லாதோர் தாமே அதனை நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. சுமார் 78 லட்சம் பேர் அவ்வாறு அனுப்பினர். இத்தொகை முழுமையானதா என்று ஐயுற்ற கணக்கறிஞர், நாட்டிலுள்ள தபால் வழிகளுள் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டைக் குறிப்பின்றிப் பொறுக்கி, அவ்வழிகளில் வீடு தவறாது சென்று விசாரிக்கச் செய்தனர். அவ்விசாரணையைக் கொண்டு நாடு முழுமைக்கும் கணக்கிட்டபொழுது, தொகை சுமார் 1 கோடியே 10 லட்சம் ஆயிற்று. அஃதாவது, வேலையில்லாதோருள் நால்வரில் ஒருவருக்கு மேற்பட்டோர் சீட்டை அனுப்பவேயில்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆயினும் பானையைக் கிளறாது மேலே எடுத்த சோறு அடிச்சோற்றின் பதத்தைக் காட்டாது. தாமே முன்வந்து சீட்டை அனுப்பியோர் மேற்சோறு போன்றவர்; குறிப்பின்றிப் பொறுக்கிய வழிகளில் விசாரிக்கப்பட்டோர் கிளறி எடுத்த சோறு போன்றவர். நூற்றில் இரண்டே பங்கு பார்த்த சிறு கணக்கு, ஊரெல்லாம் சீட்டு விட்ட பெருங் கணக்கினும் மெய்க்கு அணித்தாக நின்றது. மாதிரிக் கணக்கு என்னும் முறை அந்நாட்டில் வேரூன்றுதற்கு இந்நிகழ்ச்சி பெருந்துணையாயிற்று. 1940 முதல் மாதந்தோறும் மாதிரிக் கணக்கே எடுக்கப்பட்டு வருகின்றது.

கணக்கெடுக்கும் முறை

ஒவ்வொரு மாதமும் சுமார் 60,000 குடும்பங்கள் குறிப்பின்றிப் பொறுக்கி எடுக்கப்படுகின்றன. குடிக்கணக்குக் காரியாலயத்தார் நேரிலோ டெலிபோனிலோ விசாரிப்பர். தொழிற் புள்ளிவிவரக் காரியாலயத்தார் கணக்கிட்டு வெளியிடுவர். பெரும்பாலும் அம்மாதத்தின் 12-ஆம் தேதி அடங்கிய வாரத்தில் நிகழ்ந்தவற்றையே வினவுவர். 16 வயது நிரம்பியோர் இக்கணக்கிற்குரியவர். சேனையிலுள்ளோரும் சிறைப்பட்டோரும் சேர்க்கப்படுவதில்லை.

விடைகளைக் கொண்டு ஒவ்வொருவரையும் மூன்று வகுப்புகளுள் ஒன்றில் அடக்குவர். அவ்வாரத்தில் ஒரு மணி நேரமேனும் கூலிக்கு வேலை செய்தவர் முதல் வகுப்பினர், அவர் 'வேலையுள்ளவர்'. வேலையில்லாது, கிடைத்தால் ஏற்க ஆயத்தமாயிருந்து, கடந்த நான்கு வாரங்களுள் ஒரு முறையேனும் முயன்று வேலை தேடியவர் இரண்டாம் வகுப்பினர், அவரே 'வேலையில்லாதவர்'. மீண்டும் அழைப்பதாகச் சொல்லித் தற்காலிகமாக நிறுத்தப்பட்டோர், தேடாவிடினும் இவ்வகுப்பிற் சேர்வர். இவ்விரண்டிலும் சேராதார் அனைவரும் மூன்றாம் வகுப்பினர், 'தொழிற்படையில் அடங்காதவர்'. முதலிரு வகுப்பினரைக் கூட்டியது தொழிற்படை. அதனுள் நூற்றுக்கு எத்தனை பேர் இரண்டாம் வகுப்பினர் என்பதே நாம் செய்தித்தாள்களிற் காணும் வேலையின்மை வீதமாகும்.

இங்கே ஒரு பொதுப் பிழையை விலக்குதல் வேண்டும். அரசாங்கத்தாரிடம் வேலையின்மை உதவிப் பணம் பெறுவோரை எண்ணியே இத்தொகை கூறப்படுகின்றது என்றும், உதவிக் காலம் முடிந்தவுடன் ஒருவர் கணக்கினின்று நீக்கப்படுகின்றார் என்றும் பலர் கருதுகின்றனர். அது தவறு. உதவிப் பணம் பெற்றாலும் பெறாவிட்டாலும், வேலை தேடுபவர் எவரும் இக்கணக்கில் அடங்குவர். குறை உண்மையில் வேறிடத்தில் இருக்கின்றது.

எண் குறைதற்கு இரு வழி

ஒரு சிற்றூரை எண்ணிப் பார்ப்பாம். அங்கே தொழிற்படையில் 100 பேர். 90 பேருக்கு வேலை உண்டு. 10 பேருக்கு இல்லை. வேலையின்மை வீதம் நூற்றுக்கு 10. அப்பதின்மருள் இருவருக்கு வேலை கிடைத்தால் வீதம் 8 ஆகும். இது நன்மையே. இனி, ஒருவருக்கும் வேலை கிடைக்கவில்லை என்றும், பதின்மருள் இருவர் பல மாதம் அலைந்து மனந்தளர்ந்து தேடுவதையே விட்டுவிட்டனர் என்றும் கொள்வாம். அவ்விருவரும் மூன்றாம் வகுப்பிற்குச் சென்றுவிடுவர். தொழிற்படை 98, வேலையில்லாதோர் 8, வீதம் 8.2. ஊரில் புதிதாக ஒரு வேலையும் தோன்றவில்லை. ஒரு குடும்பத்திலும் அடுப்புக் கூடுதலாக எரியவில்லை. ஆயினும் எண் ஏறக்குறைய முன்போலவே குறைந்துவிட்டது.

ஒருவரும் பொய் உரைத்திலர்; கணக்கும் வழுவிற்றன்று. வேலை தேடுவோர் எத்தனை பேர் என்ற வினாவிற்கு அது நேர்மையான விடையையே தருகின்றது. வேலை வேண்டுவோர் எத்தனை பேர் என்ற வினாவிற்கு அவ்விடையையே நாம் எடுத்துக்கொள்ளும்பொழுதுதான் மயக்கம் விளைகின்றது. தொழில் செழித்த காலத்தில் இவ்விரு வினாக்களுக்கும் வேறுபாடு சிறிது. மந்தம் முடிந்தும் மீட்சி வலியற்றிருக்குங் காலத்திலோ வேறுபாடு பெரிதாகும்; தேடிச் சலித்தோர் அக்காலத்திலேயே பெருகுவர்.

இவ்வேறுபாட்டை அக்காரியாலயத்தாரும் அறியாதவரல்லர். 1994 முதல் அவர்கள் ஆறு வகை வீதங்களைச் சேர்த்தே வெளியிடுகின்றனர். அவற்றுள் மூன்றாவதே செய்தித்தாள்களில் வருவது. ஆறாவது வீதம், கடந்த ஓராண்டுக்குள் ஒரு முறையேனும் தேடி இப்பொழுது தேடாதிருப்பினும் வேலை வேண்டுவோரையும், முழு நேர வேலை கிடையாமையால் குறைந்த நேர வேலையைக் கொண்டு காலங் கழிப்போரையும் சேர்த்துக் கொள்கின்றது. 2009 அக்டோபரில் மூன்றாம் வீதம் நூற்றுக்கு 10. ஆறாம் வீதம் ஏறக்குறைய 17. இரண்டும் ஒரே காரியாலயத்தின் ஒரே விசாரணையினின்று ஒரே நாளில் வெளிவந்தவை. ஆதலின், அரசாங்கத்தார் மறைத்தனர் என்பதினும், நாம் முதற் பக்கத்தோடு படிப்பதை நிறுத்தினோம் என்பதே பொருந்தும்.

2009-க்குப் பின்

அந்நாட்டில் 2007 டிசம்பரில் தொடங்கிய மந்தம் 2009 ஜூனில் முடிந்தது என்று பொருளாதார நூலார் வரையறுத்தனர். ஆயினும் வேலையின்மை வீதம் மேலும் ஏறி, அவ்வாண்டு அக்டோபரில் நூற்றுக்கு 10-ஐ எட்டியது. பின்னர்ச் சிறிது சிறிதாக இறங்கி, 2013 டிசம்பரில் 6.7 ஆயிற்று. இவ்வெண்ணை மட்டும் நோக்குவார், நோய் பெரும்பாலும் தீர்ந்தது என்றே கொள்வர்.

இனி வேறோர் எண்ணை நோக்குவாம். 16 வயது நிரம்பிய குடிகளுள் நூற்றுக்கு எத்தனை பேர் வேலையில் உள்ளனர் என்பதே அது. இதில் தேடினார், தேடாதார் என்ற பிரிவு இல்லை. ஆதலின் தேடுவதை விட்டவரால் இவ்வெண் மாறுவதில்லை. மந்தம் தொடங்கியபொழுது அது 62.7. 2009 அக்டோபரில் 58½. 2013 டிசம்பரிலோ, 58½-க்குச் சற்றே மேல். நான்கு ஆண்டுகளில் வேலையின்மை வீதம் மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருக்க, வேலையிலுள்ளோர் பங்கு ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. இடைவெளிக்குக் காரணம், தொழிற்படையில் அடங்கினோர் நூற்றுக்கு 65-லிருந்து ஏறக்குறைய 63 ஆகக் குறைந்தமையே.

எனினும், குறைந்தவர் அனைவரும் மனந்தளர்ந்தோர் என்று முடிவு கட்டுதலும் நேர்மையாகாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1946 முதல் அந்நாட்டிற் பிறப்பு மிகுந்தது. அங்ஙனம் பிறந்தோருள் மூத்தோர் 2008-இல் 62 வயதெய்தி ஓய்வு பெறத் தொடங்கினர். மந்தம் வாராதிருப்பினும் தொழிற்படை ஓரளவு குறைந்தே தீரும். ஜனாதிபதியின் பொருளாதார ஆலோசகர் சபையார் 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று, 2007-க்குப் பின் நேர்ந்த குறைவில் ஏறக்குறையப் பாதி முதுமையால் விளைந்தது என்று கூறிற்று.

முதியோரை விலக்கிப் பார்த்தால் உண்மை இன்னும் தெளிவாகும். 25 முதல் 54 வயது வரை உள்ளோர் படிப்பு முடிந்து, ஓய்வுக் காலம் வாராதவர், உழைப்பிற்குரிய பருவத்தினர். இவர்களுள் வேலையிலிருந்தோர் 2007-இன் தொடக்கத்தில் நூற்றுக்கு 80. 2009-இன் இறுதியில் 75. 2013-இன் இறுதியில் 76. ஆகவே மீட்சி இருந்தது. ஆனால் இழந்ததில் ஐந்தில் ஒரு பங்கே மீண்டிருந்தது. மேலும், வேலையின்மை வீதம் மந்தம் தொடங்கிய நாளிலிருந்த 5.0 என்னும் அளவிற்கு 2015 அக்டோபரில் வந்துவிட்டது. இப்பருவத்தினருள் வேலையுள்ளோர் பங்கோ 2019-இலேயே மீண்டும் 80-ஐ எட்டிற்று. ஓர் எண் குணமாயிற்று என்றபின் நான்கு ஆண்டுகள் கழித்தே மற்றோர் எண் குணமாயிற்று என்றது.

எண்ணைக் கொண்டு செய்யும் காரியங்கள்

இவ்வேறுபாடு கல்வியாளர் தம்முள் வாதிடுதற்குரிய நுட்பமேயன்றி வேறென்ன என்று சிலர் வினவக்கூடும். அங்ஙனமன்று. பெடரல் ரிசர்வ் என்னும் அந்நாட்டு மத்திய பாங்கியார், 2012 டிசம்பரில் ஒரு வாக்குறுதி அளித்தனர். விலைவாசி ஏற்றம் வரம்பிற்குள் இருக்குமளவும், வேலையின்மை வீதம் நூற்றுக்கு 6½-க்கு மேல் இருக்கும்வரை வட்டியை ஏறக்குறைய ஒன்றுமில்லா அளவிலேயே வைத்திருப்போம் என்பது அது. தொழிலுக்குக் கடன் எளிதாகக் கிடைத்தால் வேலை பெருகும் என்பது அவர்தம் கருத்து. ஆனால் வீதம் எதிர்பார்த்ததினும் விரைவாக இறங்கியது. 2013 டிசம்பர் ஒரு மாதத்திலேயே 7.0-லிருந்து 6.7 ஆயிற்று, அம்மாதம் கம்பெனிகளிற் கூடிய வேலைகள் 74,000 என்றே முதலில் அறிவிக்கப்பட்டது, தொழிற்படையினின்று நீங்கினோரோ சுமார் 3½ லட்சம். இவ்வெண்ணை அளவுகோலாகக் கொண்டால் உரிய காலத்திற்கு முன்னரே உதவியை நிறுத்த நேரும் என்று உணர்ந்த பாங்கியார், 2014 மார்ச்சில் அவ்வரம்பைக் கைவிட்டுப் பல குறிகளையும் சேர்த்து நோக்குவோம் என்றனர்.

ஏழையர்க்கு இது இன்னும் நேராக உறைக்கும். அந்நாட்டுச் சட்டப்படி, ஒரு ராஜ்யத்தின் வேலையின்மை வீதம் குறித்த அளவிற்குக் கீழ் இறங்கினால், அங்கே நெடுங்காலம் வேலையின்றி இருப்போர்க்கு அளிக்கும் நீட்டிப்பு உதவி நின்றுவிடும். ஆகவே, ஒரு சாரார் மனந்தளர்ந்து தேடுவதை விட்டமையாலேயே, இன்னும் தேடி நிற்கும் மற்றொரு சாரார் உதவியை இழத்தலும் கூடும்.

பிழையும் புரட்டும்

2012-இல் எழுந்த குற்றச்சாட்டிற்கு இனி வருவாம். அந்த செப்டம்பரில் வேலையுள்ளோர் 8,73,000 பேர் கூடினர் என்று குடும்ப விசாரணை காட்டியது. கம்பெனிகளின் சம்பளப் பட்டியல்களைக் கொண்டு எடுக்கும் மற்றொரு கணக்கோ 1,14,000 என்றே காட்டிற்று. இவ்வேற்றுமையே ஐயத்திற்கு இடமாயிற்று. ஆனால் மாதிரிக் கணக்கு எதுவும் ஊசலாட்டம் உடையது. குடும்ப விசாரணை காட்டும் மாத வேறுபாட்டில் இருபுறமும் சுமார் நான்கு லட்சம் வரை பிழை நேர்தல் இயல்பு என்று காரியாலயத்தாரே அக்காலத்தில் அச்சிட்டு வந்தனர். ஒரு மாதத்துத் தாவலைக் கண்டு நோய் தீர்ந்தது என்று ஆர்ப்பரித்தலும் பிழை. சூது என்று கூவுதலும் பிழை. தேர்தல் முடிந்த பின்னரும் வீதம் மேலே திரும்பிவிடவில்லை. ஆண்டுத் திருத்தங்களுக்குப் பின்னரும் அம்மாதத்து எண் 7.8 ஆகவே நிற்கின்றது.

இத்தகைய குற்றச்சாட்டு அப்பொழுதுதான் முதன்முறை எழுந்ததன்று. 1961-இல் ஒரு புகழ்பெற்ற பத்திரிகை, கணக்கு மிகைப்படுத்தப்படுகின்றது என்று எழுதிற்று. ஜனாதிபதி கென்னடி, பேராசிரியர் ராபர்ட் கார்டன் தலைமையில் ஆராய்ச்சிக் குழுவொன்றை நியமித்தார். காரியாலயத்தாரின் நேர்மையில் குறையில்லை என்றும், வரையறைகள் சிலவற்றைத் திருத்தல் நன்று என்றும் அக்குழு 1962-இல் அறிவித்தது. குற்றஞ் சாட்டப்பட்டபொழுது செய்யத்தக்க முறை அதுவே. 2025 ஆகஸ்டிலோ, மே, ஜூன் மாதங்களின் வேலைத் தொகை 2,58,000 குறைத்துத் திருத்தப்பட்ட அன்றே, எண்கள் புரட்டப்பட்டன என்று கூறி ஜனாதிபதி அக்காரியாலயத் தலைவரை நீக்கினார். அதற்குச் சான்று ஒன்றும் காட்டப்படவில்லை. கம்பெனிகளின் விடைகள் பிந்தி வருதலால் முதற் கணக்கைத் திருத்துதல் எக்காலத்தும் உள்ள வழக்கம். திருத்துவதற்கு அஞ்சும் கணக்கர் எழுதும் எண்ணை எவரும் நம்பார். கணக்கின் வரையறையிலுள்ள குறையினும், கணக்கர்க்கு நேரும் அச்சமே பெருங் கேடு.

வரையறை மாறினால் வரலாறே மாறித் தோன்றும் என்பதற்கும் ஒரு சான்று கூறுவாம். 1930-களில் அரசாங்கத்தார் வேலையற்றோர் பல லட்சம் பேரைச் சாலை, பாலம், பள்ளிக்கூடம் முதலிய பணிகளில் அமர்த்திக் கூலி தந்தனர். லெபர்காட் என்னும் அறிஞர் அவர்களை வேலையில்லாதோராகக் கொண்டு, 1938-இன் வீதம் நூற்றுக்கு 19 என்றார். டார்பி என்னும் அறிஞர் 1976-இல் அவர்களை வேலையுள்ளோராகக் கொண்டு, அவ்வாண்டின் வீதம் 12½ என்றார். உழைத்த மக்களும் அவர்களே. அவர்கள் இட்ட சாலைகளும் அவையே. பெயரிட்ட முறையே வேறு. ஜனாதிபதி ரூஸ்வெல்டின் ஆட்சியில் மீட்சி வலியதா மெலியதா என்ற வழக்கின் ஒரு பெரும்பகுதி இப்பெயரிட்ட முறையிலேயே அடங்கியுள்ளது.

எவ்வாறு படிப்பது?

இதுகாறும் கூறியவற்றால், அரசாங்கத்தாரின் வேலையின்மைக் கணக்கு பொய்யன்று என்பதும், முழு உண்மையும் அன்று என்பதும் விளங்கும். அதனைப் படிக்குங்கால் மூன்று செய்திகளை நினைவிற் கொள்ளுதல் நன்று. முதலாவது, வேலையின்மை வீதத்தைத் தனியே நோக்காது, உழைக்கும் பருவத்தினருள் வேலையிலுள்ளோர் பங்கையும் உடன் வைத்து நோக்குக. இரண்டும் ஒரே நன்மையைக் காட்டின் நம்புக; முன்னது இறங்கப் பின்னது அசையாது நிற்பின், தொழிற்படையினின்று நீங்கியோர் எவரென வினவுக. இரண்டாவது, ஒரு மாதத்து எண்ணைக் கொண்டு ஒன்றும் முடிவு செய்யற்க. ஆறு மாதம், ஓராண்டு எனத் தொடர்ந்து நோக்குக. மூன்றாவது, எண்ணைக் காணுமுன் அதன் வரையறையைக் காண்க. எவர் சேர்க்கப்பட்டனர் என்பதினும் எவர் விடப்பட்டனர் என்பதை அறிதலே பயனுடைத்து.

மாணவராகிய நாம் நாளை ஆசிரியராகவும், பத்திரிகை எழுதுவோராகவும், அரசாங்க ஊழியராகவும் அமர்ந்து, இத்தகைய எண்களைப் பிறர்க்கு எடுத்துரைக்க நேரும். எண்ணை வணங்குவோரும் எண்ணை இகழ்வோரும் அதனை ஆராயாமையில் ஒரு தன்மையரே. காலையில் எழுந்து செல்லுதற்கு ஓரிடமின்றி, இனித் தேடியும் பயனில்லை என்று திண்ணையில் அமர்ந்துவிட்ட ஒருவரை மாதக் கணக்கின் முதல் வரி காட்டாது. அதே ஏட்டின் பின் வரியொன்று காட்டும். அவ்வரியையும் படித்து, அவரையும் எண்ணி, அதன்பின் நாடு மீண்டதா என்று உரைப்பதே கற்றோர் கடனாகும்.